லியோபால்தோவின் காருக்கு மண் வைத்தது யார்

மத்தான்சாஸ் நகரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களில் லியோபால்தோவைப் போல் காருக்கு அலங்காரம் செய்கிறவர் கிடையாது. கட்டிய பெண்டாட்டிக்குக்கூட அவர் இவ்வளவு செய்ததில்லை. போன மாதம் வாகனப் பரிசோதனையில், அங்கங்கே துரு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி போக வேண்டும். இந்தத் தடவையும் தவறினால் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொள்வார்கள். அதோடு பிழைப்பு முடிந்தது.

மனிதர் சும்மா இருப்பாரா? ஐம்பத்திரண்டாம் வருடத்து அமெரிக்கக் காரை நட்டு நட்டாகக் கழற்றி, கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் மூன்று கோட்டு ஆகாய நீலம் அடித்துத் திரும்பப் பூட்டினார். தெருவே வாயைப் பிளந்தது.

புதன்கிழமை காலை பிரேக்கை மிதித்தால் முன்விளக்கு மங்கியது. இடப்பக்கம் சிக்னல் போட்டால் இரண்டு பக்கமும் சிமிட்டின. ஹாரனை அழுத்தினால் கண்ணாடி துடைக்கும் வைப்பர் துள்ளியது.

மெக்கானிக் சிப்ரியானோ சைக்கிளை விட்டு இறங்காமலே விசாரித்தான். "தியெர்ராதான் சரியில்ல மச்சான். நாளைக்கு சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மின்சாரத்தின் எர்த்துக்கும் காலடி மண்ணுக்கும் அங்கே தியெர்ரா என்று ஒரே சொல்தான். காப்பி வடித்துக்கொண்டிருந்த கொழுந்தியாள் மிக்தாலியாவின் காதில் அது மண்ணாகவே விழுந்தது.

"கேட்டீங்களா அத்தான்? மண்ணாம்! யாரோ கல்லறை மண்ண அள்ளிட்டு வந்து வண்டிக்கடியில போட்டு சூனியம் வெச்சிருக்காங்க!"

"அவன் ஒயரச் சொல்றான்டி."

"ஒயருக்குப் போய் யாராச்சும் மண்ணுன்னு பேர் வைப்பாங்களா? எதிர்வீட்டு எவெலியோ நேத்து உங்க டயர்கிட்ட குனிஞ்சு நின்னாரே, என்னத்தத் தேடினாராம்?"

முப்பது வருடம் கார் ஓட்டியவருக்கு ஒயர் தெரியாமலா இருக்கும்? ஆனால் ஒயர் என்றால் பூட்டியது அவர். மண் என்றால் போட்டது எவெலியோ. இரண்டாவது மனசுக்கு இதமாக இருந்தது.

எவெலியோவும் வாடகைக் கார்க்காரன்தான். அவன் மகளுக்கு லியோபால்தோதான் ஞானத்தகப்பன். அதையெல்லாம் மறந்து நடுத்தெருவில் நின்று கத்தினார்.

"என் வண்டிக்கே மண்ணு வைக்கிறியாடா? என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா உனக்கு மனசு வந்துச்சு?"

எவெலியோ கையில் கரண்டியோடு வெளியே வந்தான். "மண்ணா? என் வீட்டுப் பூந்தொட்டிக்கே மண்ணு கிடைக்கல லியோ!"

தெரு சிரித்தது. சிரித்த அதே தெரு, சாயங்காலத்திலிருந்து எவெலியோவின் காரில் ஏறவில்லை.

மறுநாள் காலை, கழிப்புக் கழிக்க, சாந்தெரோ என்கிற பூசாரிப் பெரியவரிடம் ஒரு சேவலோடு போனார்கள். பெரியவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார், உள்ளே உட்கார்ந்தார், மூக்கைச் சுளித்தார்.

"இது என் வேலை இல்ல தம்பி. பெயிண்ட் வாடையில தலைதான் வலிக்குது. சேவல வெச்சுட்டுப் போ."

சாயங்காலம் சிப்ரியானோ வந்தான். என்ஜினையும் பாடியையும் இணைக்கிற பட்டை ஒயரைக் கழற்றி, அதன் அடியில் உப்புத்தாளால் தேய்த்தான். நீலம் உதிர்ந்து இரும்பு தெரிந்ததும் திரும்ப முடுக்கினான். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"கரன்டு திரும்பி வர்ற வழி இது மச்சான். இரும்பும் இரும்பும் தொடணும். நீ நடுவுல மெத்தை விரிச்சு வெச்சிருக்க."

லியோபால்தோவுக்கு முகம் செத்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் ஏன் சொல்றேன்? சொல்ல வேண்டியவன் நீ."

வெள்ளிக்கிழமை பரிசோதனை வரிசையில் சரியாகப் பின்னால் நின்றது எவெலியோவின் கார். லியோபால்தோவின் கார் எல்லாவற்றிலும் தேறியது. அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு, படிவத்தில் ஒரு கட்டம் பாக்கியிருக்கிறது என்று பேனாவை எடுத்தார்.

"போன மாசத்துக்கப்புறம் என்ன கோளாறு சரி பண்ணினீங்க?"

"தியெர்ரா."

"எதனால?"

பழைய ஒயர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கண்ணாடியில் எவெலியோ தெரிந்தான். இரண்டு நாளாக ஒரு சவாரியும் ஏறாத முகம் அது.

"யாரும் வைக்கல சார். நான் அடிச்ச பெயிண்டுதான். தப்பு என்னுது."

பின்னால் கார் ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது.

"இன்னும் சத்தமா, லியோ! நம்ம தெரு வரைக்கும் கேக்கணும்!"