இடது கையில் கறுப்பு

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, புது சீசனுக்கான ஜெர்சிகள் வந்த பெட்டியை நான்தான் பிரித்தேன். முதல் சட்டையை விரித்துப் பார்த்ததும் தொழிற்சாலையில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவதை எடுத்தேன். மூன்றாவதை எடுத்தேன். இருபத்தெட்டுச் சட்டைகளையும் சலவை அறையின் நீள மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் இடது கையையும் தடவிப் பார்த்த பிறகுதான் அது தவறு இல்லை என்று புரிந்தது. கறுப்புப் பட்டையைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயின்ட் கம்பெனியின் பெயர் ஆரஞ்சு நிறத்தில் அச்சாகியிருந்தது.

ஹார்ல்பி டவுன் கால்பந்து அணியின் சட்டை வெள்ளை. இடது முழங்கைக்கு மேலே மூன்று விரல் அகலத்துக்குக் கறுப்பு. 1909இல் ஊர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது எங்கள் பதினொரு பேரில் ஏழு பேர் கீழே இருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை மிச்சமிருந்த நாலு பேரும், அவசரமாகச் சேர்த்த ஏழு பேரும் கையில் கறுப்பு நாடா கட்டிக்கொண்டு ஆட இறங்கினார்கள். ஆட்டம் முடிந்தபின் அதை அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு வந்தவர்களும் அவிழ்க்கவில்லை. அவ்வளவுதான் கதை. கீழே செத்துப்போன ஏழு பேரில் ஒருவர் எங்கள் தாத்தாவின் அண்ணன். வயது இருபது.

புதிதாகக் கிளப்பை வாங்கியவர்களின் ஆள் ஒருவர் லண்டனிலிருந்து வந்து கூட்டம் போட்டு விளக்கினார். "நூறு வருஷத்துக்கு மேல துக்கம் காத்துட்டீங்க. சின்னப் பிள்ளைங்க ஆசையா வாங்கிப் போடற சட்டை இது. கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருக்கட்டுமே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. போகும்போது எனக்கு ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் யாரும் மண்ணுக்குள் போய்த் திரும்பாமல் இருந்திருக்கமாட்டார்கள், வேறொன்றுமில்லை.

அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றவன் என் தம்பி கிளிஃப். சுரங்கத்தை மூடும்வரை அதில் வேலை செய்தவன். "நாங்க உங்க ஆட்டத்தைப் புறக்கணிக்க மாட்டோம். வருவோம். ஆனா முதல் ஏழு நிமிஷம் உங்க சட்டையைப் பாக்கமாட்டோம்" என்றான். ஆகஸ்டில் முதல் ஆட்டத்தன்று விசில் ஊதியதும் நாலாயிரம் பேர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். முதுகு என்று சொல்கிறேன். உண்மையில் அப்படித் திரும்பினால் எங்கள் பக்கத்தில் நிற்பவர்கள் முகமெல்லாம் அரங்கின் கூரைகளுக்கு மேலே தெரியும் சுரங்கத்து மண்மேட்டைப் பார்த்துத்தான் இருக்கும். ஏழு நிமிடம் கழித்து எல்லாரும் திரும்பினார்கள். கிளிஃப் திரும்பவில்லை. பட்டை வரும்வரை திரும்பமாட்டேன் என்றான். தொண்ணூறு நிமிடமும் அப்படியே நின்றான். அடுத்த ஆட்டத்திலும். அதற்கடுத்ததிலும்.

வீரர்கள் வெளியே வரும் வாசலை ஒட்டிய முன்வரிசைக் கம்பிதான் அவன் இடம். எனக்கும் அந்த வாசலோரம்தான் நாற்காலி. ஈரத் துண்டுகளும் மாற்றுச் சட்டைகளுமாக நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். என் தம்பியின் வழுக்கை விழுந்த பின்மண்டையையும் சாம்பல் நிறக் கோட்டையும் நான்கு மாதம் பார்த்தேன். அவன் பக்கத்தில் நிற்கும் எழுபத்தெட்டு வயது பெர்சி ஆட்டத்தை அவனுக்குச் சொல்லிக்கொண்டே வருவார்.

"இப்ப என்னண்ணே?"

"கார்னர்."

"நமக்கா?"

"அவனுங்களுக்கு. சந்தோஷப்படு, நீ பாக்கல."

அவனை எப்படியாவது திரும்ப வைப்பது பின்வரிசைப் பையன்களுக்கு ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. கோல் என்று கத்துவார்கள். "அய்யோ, கிளிஃப், ரெஃப்ரிக்குப் பேன்ட் கிழிஞ்சிருச்சு!" என்பார்கள். ஒருநாள் நாய் ஒன்று மைதானத்துக்குள் ஓடிவந்தது நிஜமாகவே நடந்தது. அதையும் அவன் நம்பவில்லை. "போங்கடா வேலையப் பாத்துட்டு" என்று சிரித்துக்கொண்டே மேட்டைப் பார்த்தபடி நிற்பான்.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. அந்தச் சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து மாட்டுகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு பெஞ்சு தள்ளி உட்கார ஆரம்பித்திருந்தார்கள். கிளிஃப் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நீ சோத்துக்குச் செய்யறக்கா. நான் சும்மா நிக்கறேன்" என்பான். நானும் அவனைத் திரும்பச் சொல்லிக் கேட்டதில்லை.

நவம்பரில் கீரனுக்கு அணியில் இடம் கிடைத்தது. கிளிஃபின் ஒரே மகன். தாயை இழந்து ஆறு வருடம். எட்டு வயதிலிருந்து இந்தக் கிளப்பின் பையன்கள் அணியில் ஆடியவன். வியாழக்கிழமை மத்தியானம் சலவை அறைக்கு வந்து, சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தான்.

"அத்தை, சனிக்கிழமை நான் இறங்கறேன். முதல்லயிருந்தே."

நான் அவன் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். அவன் துடைத்துக்கொண்டான்.

"அப்பா திரும்புவாரா?"

"நீ கேட்டியா?"

"கேட்டேன். எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தாரு. ரெண்டு முட்டை." சிறிது நேரம் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். "சட்டைல கை வெச்சா டீம்ல இருந்து தூக்கிடுவாங்க. ஆனா உள்பக்கம் யாரு பாக்கப் போறாங்க? எனக்கு மட்டும் பட்டை தைச்சுக் குடு அத்தை. இடது கைல."

"தைக்கிறேன். உங்கப்பாகிட்ட சொல்றேன். திரும்பிடுவான்."

"சொல்லாத. பட்டைக்காகத் திரும்பினா அது பட்டைக்காகத்தானே? எனக்காகத் திரும்பணும்."

அன்று மாலை கிளிஃப் வீட்டுக்குப் போனேன். முதல் முறையாகக் கேட்டேன். அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். "என்னைப் பாத்து இருநூறு பேரு இப்ப ஆட்டம் முழுக்கத் திரும்பி நிக்கறாங்க. என் பையன் வந்துட்டான்னு நான் திரும்பினா, அப்புறம் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றான். பிறகு, "பெர்சி அண்ணன் சொல்வாரு. ஒண்ணுவிடாம சொல்வாரு" என்றான். கழுவிய தட்டையே மறுபடி கழுவினான். சொல்லிவிடலாமா என்று நாக்கின் நுனிவரை வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று விழுங்கினேன். அதைக் கர்த்தர் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் கறுப்பு நாடா தேடியபோது ஒன்றுதான் அகப்பட்டது. கீரனுடைய அம்மாவின் அடக்கத்துக்கு நான் போட்டுப்போன தொப்பியில் சுற்றியிருந்தது. அதைப் பிரித்தெடுத்து, வெளியே தையல் தெரியாதபடி சின்னச் சின்னதாக உள்பக்கம் தைத்தேன். தைக்கும்போது ஜெபித்தேன். விரலில் ஊசி ஏறியது. அதற்கு அப்போது அர்த்தம் எதுவும் தேடவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். விசில் ஊதியதும் நாலாயிரம் பேர் திரும்பினார்கள். ஏழு நிமிடம் கழித்து ஆட்டத்தின் பக்கம் திரும்பினார்கள். கிளிஃப் அப்படியே நின்றான். அவனைப் பார்த்து நின்ற இருநூறு பேரும்.

"உன் பையன்கிட்ட பந்து" என்றார் பெர்சி. "ஒருத்தனைத் தாண்டிட்டான். அடேயப்பா, ரெண்டு பேரு. குடுத்துட்டான். நல்ல பாஸு."

"நெசமா?"

"நான் என்னைக்குடா உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

"நாய் வந்துச்சுன்னு சொன்னியே."

"நாய் வந்துச்சுடா!"

இடைவேளைக்கு உள்ளே போகும்போது கீரன் கம்பியருகே நின்று அப்பாவின் முதுகைப் பார்த்தான். பிறகு தன் இடது கையை ஒருமுறை தட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பதினைந்து நிமிடம் இருக்கும். யாரும் அவனை இடிக்கவில்லை. பந்துகூட அந்தப் பக்கம் இல்லை. மெதுவாக ஓடிவந்துகொண்டிருந்தவன் நடந்தான். நின்றான். கையை முன்னே ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தான். முதலில் எதிரணிப் பையன்தான் இரண்டு கைகளையும் ஆட்டி டாக்டரைக் கூப்பிட்டான். அரங்கத்தின் சத்தம் குழாயை மூடியதுபோல் நின்றது.

"கிளிஃப், திரும்புடா" என்றார் பெர்சி.

கிளிஃப் சிரித்தான். "நீயுமாண்ணே?"

"டேய், சாமி சத்தியமா சொல்றேன். பையன் விழுந்துட்டான்."

"எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டீங்களா? நல்லா இருக்கு. எனக்காக நாலாயிரம் பேரு." மேட்டைப் பார்த்தபடியே சொன்னான். அவன் கழுத்து சிவந்திருந்தது. பெருமையில் சிவந்தது என்றுதான் நினைக்கிறேன்.

எழுந்து போய்க் கம்பிக்கு வெளியிலிருந்து அவன் கோட்டுக் கையைப் பிடித்தேன். அவனைத் திரும்பவைக்க நான் ஒருநாளும் விளையாடியதில்லை என்பது அவனுக்குத் தெரியும். தலையை மட்டும் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் முழுவதும் திரும்பினான். நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் முதலில் பார்த்தது, தன் மகன் நெஞ்சின் மேலிருந்த சட்டையை டாக்டர் கத்தரிக்கோலால் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டுவதை.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீரனைப் படுக்க வைத்திருந்தார்கள். இதயம் நின்றுபோய், மைதானத்திலேயே மின்சாரம் கொடுத்துத் திரும்ப ஓட வைத்தார்களாம். மூளைக்கு எவ்வளவு நேரம் ரத்தம் போகவில்லை என்று நாளைக்குத்தான் தெரியுமாம். பெர்சி வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சபையில் தள்ளி உட்கார்ந்தவர்களில் ஒருத்தி ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

கிளிஃப் கண்ணாடியை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண்ணை எடுக்கவில்லை. "எவ்வளவு நேரம் நான் பாக்காம நின்னேன்?" என்றான். நான் டீயை ஊற்றி நீட்டினேன். மறுபடி கேட்டான்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தாள். வெட்டிய சட்டையும் காலணிகளும். அதை வாங்கி மடியில் வைத்தவன், பார்க்காமலே துணியைத் தடவினான். தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது. இடது கையை உள்வெளியாகப் புரட்டினான்.

"நீ தைச்சதா?"

"அவன் கேட்டான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னான். தனக்காகத் திரும்பணும்னான்." தொப்பியைப் பற்றியும் சொன்னேன். அது யாருடைய அடக்கத்துக்குப் போட்டது என்பதையும். அந்த நாடாவைத் தைத்ததிலிருந்து எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததை அவனிடம் சொல்லாமல் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அவன் என்னைத் திட்டவில்லை. நாடாவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இது செத்தவங்களுக்குக் கட்டறது, அக்கா" என்றான் கடைசியில். "அவன் சாகல."

நகத்தால் முதல் தையலை நிமிண்டினான். வரவில்லை. அவ்வளவு இறுக்கமாகத் தைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

அந்தப் பட்டைக்காக நான்கு மாதம் நின்றவன் அதை ஒவ்வொரு தையலாக வெட்டினான். ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. விரலாலேயே தடவித் தடவி அடுத்த தையலைத் தேடினான். கண்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருந்தன. அங்கே பச்சைக் கோடு ஒன்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பு நூல்கள் ஒவ்வொன்றாக அவன் காலணி மேல் விழுந்தன.