பொய் ஊசியும் நிஜ ஊசியும்

அந்த அரசு மருத்துவமனையில் நிதி அதிகாரிக்குக் 'கத்தரிக்கோல்' என்று பட்டப்பெயர். செலவு எதைக் கண்டாலும் கை பரபரக்கும். அப்பேர்ப்பட்டவருக்கு அன்று கூட்ட அறையில் வியர்த்துக் கொட்டியது. நிதியை நிறுத்துவதா, தொடர்வதா என்று முடிவாக வேண்டியது மூன்றாம் மாடியில் ஊசி குத்தி வலி போக்கும் அக்குபங்சர் அறைக்கு. அதை நடத்துவது அவருடைய சொந்த அண்ணி. வெட்டினால் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. விட்டால், உறவுக்காரிக்கு அரசுப் பணத்தை வாரிவிட்டதாக ஊரே சிரிக்கும்.

சண்டையைக் கிளப்பியவர் எலும்பு டாக்டர். "குத்தாம குத்துற மாதிரி நடிச்சாலும்தான் வலி போகும்" என்று போன வருடம் இதே மேஜையில் நக்கலடித்தார்.

"சோதிச்சுப் பாத்துடலாமே டாக்டர்" என்று சவாலை ஏற்றது அண்ணிதான்.

முட்டிவலிக்காரர்களில் பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்கு, தோலில் பட்டதும் முனை கைப்பிடிக்குள் ஒளிந்துகொள்ளும் பொய் ஊசி. எது எதுவென்று குத்துகிற அண்ணிக்கே தெரியாதபடி ஏற்பாடு. முடிவைச் சொல்லத்தான் அண்ணி இப்போது எழுந்திருந்தார்.

"நிஜ ஊசி, பொய் ஊசி, ரெண்டு பக்கமும் வலி கொறஞ்சிருக்கு. ஒரே அளவுல. அப்போ என் ஊசிக்கு இதுல பங்கில்ல."

தயாராக வைத்திருந்த சிரிப்பை எலும்பு டாக்டர் அப்படியே விழுங்கினார்.

கத்தரிக்கோல் பதறினார். "கொறஞ்சிருக்குல்ல அண்ணி... மேடம்! எதனால கொறஞ்சா என்ன? அறை பாட்டுக்கு இருக்கட்டுமே!"

"என்ன தம்பி, நீங்களா பேசுறீங்க? குத்தாத ஊசியே போதும்னா, குத்துற ஊசிக்கு ஜனங்களோட வரிப்பணம் ஏன் போகணும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

"எங்கிட்ட வந்தவங்க அரை மணி நேரம் நிம்மதியா படுத்திருந்தாங்க. எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு கேட்டேன். அதனால கொறஞ்சுதோ, தானாவே கொறஞ்சுதோ, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். வேணும்னா அடுத்து அதைச் சோதிங்க."

"என் வாசல்ல நிக்குற கூட்டத்துக்கு ஆளுக்கு அரை நிமிஷம் குடுத்தாலே பெருசு" என்றார் எலும்பு டாக்டர். குரலில் நக்கல் இல்லை. "அந்தச் சோதனையை என் பிரிவுலயே வச்சுக்கலாம். ஆனா நீங்கதான் வந்து நடத்தணும். ஏமாத்தத் தெரியாத ஆளு கிடைக்குறது கஷ்டம்."

அறையை மூடும் தீர்மானத்துக்கு முதலில் உயர்ந்த கை அண்ணியுடையதுதான். இத்தனை வருடம் அவர் உழைத்த இடம் அது. எத்தனையோ பேரின் செலவை வெட்டிய கத்தரிக்கோலுக்கு, தன் பிழைப்பைத் தானே வெட்டிக்கொள்ளும் ஆளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பிறகு தன் கையையும் தூக்கினார்.

வராந்தாவில் ஓடிப்போய் வழிமறித்தார். "அண்ணி, அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நானா? அதைச் சொல்ல வேண்டியது நிதி அதிகாரி. பாத்துப் போங்க தம்பி, உங்க அண்ணன் கோபத்துல பொய் ஊசியெல்லாம் கிடையாது!"