நோஞ்சான் கன்று

எயுசேபியோவுக்குத் தன் கண் மேல் அப்படியொரு கர்வம். எந்தக் கன்றைப் பொலிகாளையாக வைக்கலாம், எது கறிக்குப் போகும் என்று வேலியில் சாய்ந்தபடியே சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் பாழாய்ப்போன கண்ணுக்குப் பிடித்ததெல்லாம் பருத்த கன்றுகள்தான். அவை காளையாகிப் பெருக்கிய கன்றுகளும் பருத்தே இருந்ததால் ஐந்து வருடமாகத் தலையீற்றுக் கிடேரிகள் ஈன முடியாமல் செத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வசந்தத்திலும் தோள்வரை கைவிட்டுக் கன்றை இழுப்பவள் அவர் தங்கை சுல்மா.

இந்த முறை அவள் கன்றுகளின் வால்மயிரை வேரோடு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். சின்னக் கன்றுகளாகப் பிறக்கவைக்கும் காளை ஒன்று அகப்பட்டால் கிடேரிகள் பிழைக்கும். முடிவு வரும்வரை எதற்கும் காயடிக்க வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

எயுசேபியோ கேட்டால்தானே! கன்றுகளுக்குச் சூடு போட்டுக் காயடிக்கும் நாள் குறித்தாயிற்று, தாகுவாரெம்போ வட்டாரத்தில் பாதிப் பேர் கயிறும் குதிரையுமாக வந்திறங்கியாயிற்று, ஆட்டுக்கறியும் நெருப்பில் ஏறியாயிற்று. வரிசையில் நோஞ்சானாக ஒரு கன்று வந்தது.

"என்னப்பா எயுசேபியோ, இது கன்னுக்குட்டியா, முயலா?" என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் எயுசேபியோவின் கத்தி இறங்கிவிட்டது. சுல்மா ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. சுலபமாக ஈனவைப்பதில் முதலிடம் அந்த நோஞ்சானுக்குத்தான். அதன் தாயோ பாம்பு கடித்துச் செத்திருந்தது. அந்த வழியில் இனி கன்று கிடையாது. சுல்மா கைபேசியை அண்ணனிடம் நீட்டினாள். திட்டித் தொலைத்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தக் கன்று காளையாகியிருக்க வேண்டிய அடுத்த கோடையில் பழைய பருத்த காளையையே கிடேரிகளோடு விட்டார்கள். அந்த வருடம் மழை பொய்த்துக் கையில் காசில்லாததால் வெளியிலிருந்து வேறு காளை வாங்க வழியில்லை.

அதற்கடுத்த வசந்தத்தில் மூன்றாவது கிடேரியும் கன்றோடு செத்தபோது எயுசேபியோ அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் கொன்னேன் சுல்மா. அவனுங்க சிரிச்சானுங்கன்னு செஞ்சேன்."

சுல்மா வாளியில் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ணே. எந்திரி, அங்க இன்னொண்ணு முக்குது. கயித்தப் பிடி."