பாலத்துல ஜாம்

டேரன் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு நிமிர்ந்தான். ஒலிப்பதிவு அறையில் அவனும் நவோமியும்தான் இருந்தார்கள்.

"மூணாவது சரணம் புதுசா?"

"ஆமா. நேத்து எழுதுனேன்."

எட்டு வருடங்களுக்கு முன், அவர்களுடைய ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்காக அவள் எழுதிய விளையாட்டுப் பாட்டு அது. டேரன் பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்காரன். மற்றவர்கள் இருந்த தீவுக்கு எப்போதும் தாமதமாகத்தான் வருவான். கேட்டால் பாலத்தில் நெரிசல் என்பான். காதலித்த காலம், அவனைச் சீண்டத்தான் எழுதினாள். அவனோ எல்லார் முன்னாலும், "நாம ராக் பேண்டுலா, சர்க்கஸ் இல்ல" என்று சிரித்து ஒதுக்கினான். அதைக்கூட அவள் மறந்திருப்பாள். அதற்கு அடுத்த மாதம் தேவாலய மண்டபத்தில் அவர்களுக்கு நிச்சயதார்த்தம். நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். அவள் அப்பா பெர்னார்ட் கோட்டைக் கழற்றாமல் மாலை ஆறு மணிவரை வாசலிலேயே நின்றார். ஆறேகாலுக்கு நவோமியின் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. 'பாலத்துல ஜாம்.' பிறகு அவன் வரவேயில்லை.

அன்றோடு அவள் குழுவை விட்டு விலகினாள். இப்போது இரண்டாவது ஆல்பம். தயாரிப்பாளர் சுலைமான் பழைய பதிவுகளைக் கிளறி அந்தப் பாட்டைக் கண்டெடுத்து, இது இல்லாவிட்டால் ஆல்பமே இல்லை என்றுவிட்டார். டேரன் அவள் வீட்டுப் படியேறி வந்து கேட்டான். டிரம்ஸ் தான்தான் வாசிப்பேன், எழுதித் தருவதில் ஒரு சொல்லும் மாறக் கூடாது என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போயிருந்தான்.

"இத மட்டும் எடுத்துடலாம் நவோமி. ஒங்க அப்பாவ வச்சு..."

"அவர வாசல்ல நிக்க வச்சது நானா? பாடுலா."

பாடினான். ஆல்பத்துக்கு முன்பே வெளிவந்த பாட்டு ஒரே மாதத்தில் ஊரெல்லாம் பரவியது. கடற்கரைத் திடலில் நடந்த ஆல்பம் வெளியீட்டுக்கு நவோமி அப்பாவை அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள்.

"கோட்டு போட்ட மாமா வாசல்ல, மாப்ள எங்க, மாப்ள?" என்று டேரன் பாடியதும், "பாலத்துல ஜாம்!" என்று கூட்டம் முழுக்கக் கத்திச் சிரித்தது. அவன் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. திரும்பிப் பார்த்து, முடித்துவிடு என்று கையால் சைகை காட்டினான். இந்த முகத்துக்காகத்தான் எட்டு வருடம் காத்திருந்தாள்.

அப்பாவைப் பார்த்தாள். சுற்றிலும் எல்லாரும் எழுந்து ஆடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் உட்கார்ந்து, மேடைக்கு முகம் காட்டாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவோமி இரண்டு குச்சிகளையும் உயர்த்தினாள். முடிந்ததென்று டேரன் மூச்சை விட்டு மைக்கைத் தாழ்த்தினான். அவள் நான்குவரை எண்ணி, மூன்றாவது சரணத்தை மறுபடியும் தொடங்கினாள்.