முப்பத்தொன்றாம் கேள்வி

கருத்துக் கணிப்பு வேலையில் ஒரு விதி உண்டு. கேள்வியைப் படிக்க வேண்டும், பதிலைக் குறிக்க வேண்டும், வேறு எதற்கும் வாயைத் திறக்கக் கூடாது. "ஐயோ" என்றுகூடச் சொல்லக் கூடாது. கையிலிருக்கும் டேப்லெட் முழுப் பேச்சையும் பதிவு செய்யும். போன மாதம் ஒரு அம்மாவிடம் "கவலைப்படாதீங்க" என்று சொன்னதற்கு என் படிவம் ரத்தானது. இன்னொன்று ரத்தானால் வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் மாளவிகா சொல்லியிருந்தார். கால் சென்டர் ராத்திரி ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு வேறு வேலை எதுவும் காத்திருக்கவில்லை.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து. பொன்னுரங்கம், ஐம்பத்தாறு வயது, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். இருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"கேளு நைனா. இதெல்லாம் சொன்னா இன்னா தருவீங்க?"

"ஒண்ணும் தர மாட்டோங்க."

"அப்ப உண்மையே சொல்லிடலாம்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "சுகர் மாத்திரை போடுறாரான்னு கேளு தம்பி. அதுல உண்மை வருதான்னு பாக்கலாம்."

"அது உன் கேள்வி. அவரு கேள்விய அவரு கேக்கட்டும்."

விலைவாசி, வேலை, தண்ணீர், தெருவில் பெண்களுக்குப் பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் யோசித்துத்தான் பதில் சொன்னார். பிறகு மருத்துவம் வந்தது. கடந்த ஓராண்டில் சிகிச்சை தேவைப்பட்டும் போகாமல் இருந்ததுண்டா?

"இல்லன்னு போட்டுக்கோ" என்றபடி வலது காலை நீட்டினார். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. பிரித்துக் காட்டினார். விரல் கறுத்துப்போயிருந்தது. வாடை வந்தது.

"இரும்புச் சுருள் குத்திச்சு. ரெண்டு மாசமாவுது. வலிக்கவே இல்ல. வலிக்காதத இன்னாத்துக்கு போய் காட்டிக்கினு? நீ நாலு வூடு ஏறி எறங்குறவன், சொல்லு. தானா ஆறிடும்ல?"

என் அப்பாவுக்கும் பெருவிரலில்தான் ஆரம்பித்தது. அவருக்கும் வலிக்கவில்லை. கடைசியில் காலையே எடுத்தார்கள். முதலிலேயே வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர்.

டேப்லெட்டின் மூலையில் பதிவு ஓடுவதற்கான சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"இதுல சரி, தப்புன்னு எதுவும் இல்லைங்க. உங்க கருத்துதான் வேணும்" என்றேன். அடுத்து முப்பத்தொன்றாம் கேள்வியைப் படித்தேன். வரும் ஓராண்டில் உங்கள் உடல்நிலை மேம்படுமா, இப்படியே இருக்குமா, மோசமாகுமா?

"மேம்படும்னு போடு."

போட்டேன்.

வெளியே வந்து பதிவை நிறுத்தினேன். இப்போது திரும்பிப் போய்ச் சொன்னால் யாருக்கும் தெரியாது. இன்னும் ஐந்து வீடு பாக்கி. முடித்துவிட்டு வரும்போது சொல்லலாம் என்று நடந்தேன். முடித்தபோது நான் சந்தின் மறுமுனையில் இருந்தேன், ரயில் நிலையமும் அந்தப் பக்கமே இருந்தது. திரும்பிப் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து, தி.நகர் அலுவலகத்தில் என் படிவங்களைச் சரிபார்க்க மாளவிகா போன் போட்டார். ஸ்பீக்கரில் பொன்னுரங்கத்தின் மனைவி பேசினார்.

"ஆஸ்பத்திரில கீறோம்மா. அவருக்குக் கால எடுத்துட்டாங்க. முட்டிக்கு மேல."

மாளவிகா என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து மீதியைக் கேட்டார். "வந்தவர் சொந்தக் கருத்து ஏதாவது சொன்னாராம்மா?"

"இல்லம்மா. அந்தப் புள்ள மரியாதையா கேட்டுட்டுப் போச்சு. ஒண்ணுமே சொல்லல."

"எந்த ஆஸ்பத்திரின்னு கேளுங்க" என்றேன்.

"அது லிஸ்ட்ல இல்லப்பா" என்று போனை வைத்தார். படிவம் ஏற்கப்பட்டது.

அவர் சாப்பிடப் போன பிறகு பதிவைப் போட்டுக் கேட்டேன். பதினோராம் நிமிடத்தில், தானா ஆறிடும்ல என்கிறார். அதற்குப் பிறகு நாலு நொடி பேச்சில்லை. உள்ளே ஒரு பாத்திரம் உருள்கிறது. பிறகு என் குரல், நிதானமாக, தெளிவாக, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே.