பன்னிரண்டாவது விண்ணப்பம்

பள்ளிக்கூடத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்பும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இணையதளத்தில் போட வேண்டுமாம். என்றைக்குத் தொடங்கியது, என்னென்ன பிரிவுகள் நடக்கின்றன, எது எந்த ஆண்டில் வந்தது, எல்லாம் வேண்டும். தலைமையாசிரியை படித்த கையோடு அதைக் கொண்டுவந்து எழுத்தர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேறு யார் தலையில் கட்டுவது? அவள் அங்கேயே படித்தவள், முப்பத்திரண்டு ஆண்டாக அங்கேயே வேலை பார்ப்பவள். ஆசிரியர்களுக்கெல்லாம் 'ஆபீஸ் அக்கா'. அந்தக் கட்டடத்துக்குக் கல் நட்டது யார் என்றும் சொல்வாள், நட்ட அன்றைக்கே அதில் தடுக்கி விழுந்தது யார் என்றும் சொல்வாள்.

தகரக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகளோடு தொடங்கியது, தையல் பிரிவு வந்தது, தட்டச்சு வந்தது என்று மளமளவென்று எழுதிக்கொண்டே போனவள், அறிவியல் பிரிவில் வந்து நின்றாள். அதற்கு முதன்முதலில் அனுமதி வந்த ஆண்டு சரியாகத் தெரியவில்லை. விளையாட்டுச் சாமான் அறையில் பழைய பெட்டி ஒன்று இருப்பது நினைவுக்கு வர, கிழிந்த வலைகளையும் காற்றுப் போன பந்துகளையும் ஒதுக்கிவிட்டு அதைத் திறந்தாள். உள்ளே கூட்டக் குறிப்பேடுகள் இருந்தன.

அவள் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டின் குறிப்பேட்டில் இருந்தது அது. அறிவியல் பிரிவு தொடங்க அனுமதி வந்திருக்கிறது. குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும், பன்னிரண்டு விண்ணப்பங்களும் வந்திருக்கின்றன. 'ஒரு மாணவியின் அண்ணன் நேரில் வந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதால் எண்ணிக்கை குறைந்தது. பிரிவு இவ்வாண்டு தொடங்கப்படவில்லை.' பக்கத்தில் குண்டூசி குத்தி ஒரு தாள். மேலே அவளுடைய பதினாறு வயதுக் கையெழுத்து. குறுக்கே, 'திரும்பப் பெறுகிறேன்' என்று அண்ணன் கையெழுத்து.

ஆள் சேரவில்லையாம் என்று அன்றைக்கு அண்ணன்தான் வந்து சொன்னார். அவள் இரண்டு நாள் அழுதுவிட்டுத் தட்டச்சில் சேர்ந்தாள். பிறகு ஒன்பது ஆண்டு கழித்து அந்தப் பிரிவு வந்தபோது, அதே அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் சேர்க்கைப் படிவங்களைத் தட்டச்சு செய்தாள். ஆய்வகம் வழியாகப் போகும்போதெல்லாம் நடை தானாகவே மெதுவாகும். தன் ராசி அவ்வளவுதான் என்று இத்தனை காலம் மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

சாயங்காலம் நேராக அண்ணனின் கடைக்குப் போனாள். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. அப்பா செத்த வருஷம் ஏறி உட்கார்ந்த அதே பலகையில், இப்போது மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அவள் தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"நீங்களாண்ணே?"

"ஆமா."

"ஏன்?"

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷம் படிச்சிருப்ப. அப்புறம் டாக்டருக்குப் படிக்கணும், ஆராய்ச்சி பண்ணணும்னு வந்து நின்னிருப்ப. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராதும்மா. அதான் முன்னாடியே..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா, சரிண்ணே, படிக்கலன்னு சொல்லிருப்ப. அத என்னால தாங்க முடியாது."

கோபப்பட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அம்மாவின் மூச்சிரைப்புக்கும் இரண்டு தம்பிகளின் வயிற்றுக்கும் சேர்த்து உழைத்து உழைத்துத் தேய்ந்த அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்கக் கோபம் எங்கே ஒட்டும்? ஏக்கம் மட்டும் அப்படியே நின்றது. தன்னோடு போச்சு என்றால் கூடப் பரவாயில்லை. மற்றப் பதினொரு பேர் யார் யாரோ, எங்கெங்கே போனார்களோ. பின்கட்டிலிருந்து அண்ணி கொண்டுவந்து கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வரலாற்றை எழுதி முடித்தாள். 'முதல்முறை பன்னிருவர் விண்ணப்பித்தும், ஒருவர் விலகியதால் பிரிவு தொடங்கவில்லை' என்ற வரியும் அதில் இருந்தது. அது தேவையா என்று தலைமையாசிரியை கேட்டார்.

"நடந்ததுதானே டீச்சர், இருக்கட்டும்" என்றாள். அந்த ஒருவர் யார் என்று சொல்லவில்லை.

ஆனால் வேதியியல் டீச்சரிடம் சொன்னாள். மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். சனிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு ஆய்வகத்துக்கு வரச் சொன்னாள்.

நீளக் கண்ணாடிக் குழாயில் காரம், கீழே குடுவையில் நிறங்காட்டி கலந்த, நிறமில்லாத அமிலம். சொட்டுச் சொட்டாக விட வேண்டும், ஒரே ஒரு சொட்டில் நிறம் மாறும், அங்கே நிறுத்திவிட வேண்டும். முதல் தடவை அவசரத்தில் திருகைக் கூடுதலாகத் திறந்துவிட, குடுவை அடர் சிவப்பாகிப்போனது. டீச்சர் சிரித்துக்கொண்டே அதைக் கொட்டிக் கழுவிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டாள். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. சட்டென்று குடுவை முழுக்க இளஞ்சிவப்பு படர்ந்து, கலைந்து போகாமல் நின்றது.

அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நாற்பது வருஷம். பின்னால் நின்ற டீச்சர் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

"கை நடுங்கலையா?" என்று கேட்டார்.

"நடுங்கிச்சுண்ணே. அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்காங்க."