கண்மூடிய அவையில் ஒரு கை

வெய்யோன் மேலைக் குன்றில் சாய, அவன் பொன்னொளி புகைபோக்கிகளின் உச்சியைத் தழுவி, ஓட்டுக் கூரைகளில் வழிந்து, நூற்பாலையின் சாளரங்களில் கண்ணயர்ந்த அந்த மாலையில், நூல் நூற்கும் கதிர்கள் சுழலாத அவ்வூர் தன் மூச்சையே மறந்தது போல் அமைதியுற்றிருந்தது. பஞ்சுத் துகள்கள் மட்டும் தரையிறங்க மனமின்றி மிதந்தன.

நற்றமிழ் நெஞ்சினரே, அவ்வாலைத் தொழிலாளர் சங்கத்தின் வாக்கெடுப்பு முறை விந்தையானது. முன்னாளில், கை உயர்த்தியோரை ஒற்றர் கண்டு மேலாளரிடம் கோள்மூட்ட, பலர் வேலையிழந்தனர். ஆதலின் சங்கம் கண்டோர் ஒரு முறை வகுத்தனர்: அனைவரும் கண்மூடிக் கை உயர்த்த, செயலாளர் மட்டும் கண்திறந்து எண்ணுவார்; அவர் சொல்லே முடிவு. தேநீரில் இனிப்புக் குறைந்ததற்கே நாள் முழுதும் மல்லுக்கு நிற்கும் அச்சங்கத்தார், இம்முறையை மட்டும் கண்ணுங்கருத்துமாய்க் காத்தனர்.

செயலாளரின் தம்பி பழுதுற்ற பொறியை இயக்க மறுத்து வேலையிழக்க, அவனை மீண்டும் வேலையில் சேர்க்கவே வேலைநிறுத்தம் எழுந்தது. பசி முற்றவே, அவை கூடியது.

"வேலைக்குத் திரும்பணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் செயலாளர்.

கனவில் மலரும் காடு போல் கைகள் எழுந்தன. எண்ணினார், சரிபாதி. அப்போது, தயங்கித் தயங்கி இன்னுமொரு கை எழுந்தது. நூலறுத்த தழும்புடைய அக்கை, அவர் மனைவியுடையது. அதனை விழுங்கிவிட்டால் போராட்டம் தொடரும், தம்பி மீள்வான், எவரும் அறியார். அக்கையையும் சேர்த்து எண்ணி அவர் அறிவித்தார்:

"திரும்பணும்னு சொன்னவங்கதான் அதிகம். காலைல ஆலைக்குப் போறோம்."

கடைக்கோடியில் நின்ற தம்பி வெளியேறினான்.

வீடு திரும்பும் வழியில் அவர் கேட்டார்: "ஏம்மா தூக்குன?"

"பக்கத்து வீட்டுல அடுப்பே எரியலைங்க. கொழுந்தன் நம்மகிட்ட சாப்பிட்டுக்குவாரு. அந்தப் புள்ளைங்க எங்க போகும்?"

சற்றுத் தொலைவு நடந்தபின் அவளே தொடர்ந்தாள்: "நான் கண்ணை மூடவே இல்லைங்க. உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். என் கையை எண்ணாம விட்டிருந்தீங்கன்னா, இப்ப உங்ககூட வந்திருக்க மாட்டேன்."

அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

மறுநாள் ஆலை விழித்தது; கதிர்கள் பாடின; தம்பியின் பொறி மட்டும் அசையாது நின்றது. அதனைக் கடக்கையில், எல்லோரும் கண்திறந்து நடக்க, செயலாளர் ஒருவர் மட்டும் கண்மூடினார்.